பல்லியைத் துப்பிய மீன்

ஏரி என்றால் கரை, கரை என்றால் பனைமரம் என்று பழகிய கண் இது. மரங்கள் எல்லாம் ஏரிக்கு நடுவே நிற்பதைப் பார்த்ததும், ராத்திரி வெள்ளம் வந்துவிட்டதோ என்றுதான் தோன்றியது. மார்ச் மாதக் கடைசி வாரம். விடிந்தும் விடியாத நேரம். தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான பட்ட மரங்கள் எழுந்து நின்றன. இலை இல்லை, பட்டை இல்லை. சாம்பல் பூசிய பண்டாரங்கள் மாதிரி நின்ற அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன.

டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது லேக் ஃபோர்க். ஃபிரிஸ்கோவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "மாமா, மன்னார்குடிப் பக்கம் தூண்டில் போட்ட கதையையே எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க? இங்க ஒரு நாள் போட்டுப் பாருங்க" என்று மாப்பிள்ளைதான் ஏற்பாடு செய்தார். வெளியூர்க்காரனுக்கு ஒரு நாள் மீன்பிடி உரிமம் 16 டாலர். நம்மூரில் அந்தக் காசுக்கு இரண்டு கிலோ விரால் வாங்கிவிடலாம் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

படகுக்காரர் எழுபதை நெருங்கும் பெரியவர். இந்த ஏரியில் ஆட்களைக் கூட்டிப்போய் மீன் காட்டுவதுதான் அவருக்குப் பிழைப்பு. நான் கேட்பதற்கு முன்னாலேயே மரங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இயற்கையாக உண்டான ஏரி இல்லை இது. சபைன் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு ஓடையின் குறுக்கே அணை கட்டி, 1980இல் மதகை மூடினார்கள். நிரம்ப 5 வருடம் ஆயிற்று. என்னைவிட இளைய ஏரி! வழக்கமாக அணை நீர் ஏறும் இடத்தில் மரங்களை முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள். இங்கே பெரும்பகுதியை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள், மீனுக்கு நிழலும் மறைவும் வேண்டும் என்று. அதோடு நிற்கவில்லை. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே, முழுகப்போகும் பண்ணைக் குட்டைகளில் புளோரிடா இனத்து பாஸ் குஞ்சுகளை விட்டு வளர்த்தார்கள். ஏரி நிரம்பி குட்டைகள் எல்லாம் ஒன்றானபோது, அதற்குக் குடிமக்கள் தயாராக இருந்தார்கள்.

பாஸ் என்று தமிழில் எழுதினால் முதலாளி மாதிரிதான் தெரிகிறது. ஏரியில் அதன் நடத்தையும் அப்படித்தான். பாசிப் பச்சை உடம்பு, விலாவில் கறுப்பாக ஒரு பட்டை, கண்ணுக்குப் பின்னால்வரை கிழிந்த வாய். 'பெரியவாய் பாஸ்' என்றே அதற்குப் பெயர். 1986 நவம்பரில் இந்த ஏரியில் ஒருவர் 17.67 பவுண்டு, அதாவது 8 கிலோ எடையுள்ள பெண் மீனைப் பிடித்தார். அதைக் கொல்லாமல் அரசு மீன்துறைக்குக் கொடுத்தார். எத்தெல் என்று பெயர் வைத்து, மிசூரி மாநிலத்தில் ஒரு பெரிய கடையின் கண்ணாடித் தொட்டியில் 1994இல் அது சாகும்வரை வைத்திருந்தார்கள். 13 பவுண்டுக்கு மேற்பட்ட மீனைப் பிடிப்பவர்கள் இனப்பெருக்கத்துக்காக அரசுக்கு இரவல் கொடுக்கும் திட்டம் அந்த மீனிலிருந்துதான் தொடங்கியது. மாநிலச் சாதனையும் இதே ஏரியில்தான்: 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு. அதைப் பிடித்தவர் அன்றைக்கு க்ராப்பி என்ற சின்ன மீனுக்காகத் தூண்டில் போட்டிருந்தாராம். நமக்கும் இது தெரிந்த கதைதான். கெண்டைக்குப் போட்டால் விரால் மாட்டும்; விராலுக்கென்று போனால் தவளைகூட மாட்டாது.

படகின் முன்பக்கத் திரையில் 61 என்று ஓர் எண் தெரிந்தது. ஆழம் என்று நினைத்தேன். தண்ணீரின் சூடு என்றார், ஃபாரன்ஹீட்டில். அன்று முழுவதும் அவர் ஏரியைப் பார்த்ததைவிட அந்த எண்ணைப் பார்த்ததுதான் அதிகம். ஊரில் பஞ்சாங்கத்தை மடியில் வைத்திருக்கும் பெரியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அவர் சொன்ன கணக்கு இது. குளிர்காலத்தில் பாஸ் முழுகிப்போன பழைய ஓடையின் ஆழத்தில் கிடக்கும், அதிகம் அசையாது. பகல் நீண்டு தண்ணீர் 50ஐத் தாண்டும்போது மேலே வரத் தொடங்கும். நேரே கரைக்கு வராது. ஓடை வந்து ஏரியில் கலக்கும் வாய்க்குப் பக்கத்தில் நிலம் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் முனைகளில் கூட்டம் கூட்டமாகக் காத்திருக்கும், கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாதிரி. வயிறு நிறையச் சினையோடு பெரிய பெண் மீன்கள் வெறிபிடித்துத் தின்னும் நேரம் அது. நண்டுக்கும் இறாலுக்கும் நடுவே ஒரு ஜந்து, அந்தப் பருவத்தில் ஓடையடியிலிருந்து கிளம்பும். இவர்கள் அதை க்ராஃபிஷ் என்கிறார்கள். அதனால்தான் அவருடைய தூண்டில் பெட்டி முழுக்க அதன் சிவப்பு நிறத்தில் பொய்மீன்கள். தண்ணீர் 60ஐத் தொட்டதும் ஆண் மீன்கள் முதலில் கரையோரம் ஏறும். நடுவில் வடக்கிலிருந்து ஒரு குளிர்காற்று வீசினால் போதும், எல்லாம் திரும்ப ஆழத்துக்குப் போய்விடும். "நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. நேற்றைய சூடு எங்கே போனதோ, அங்கே இருக்கும்" என்றார்.

எங்கள் பக்கம் மீனுக்குத் தண்ணீர்தான் கணக்கு. ஐப்பசியில் மழை பிடித்து, மடையில் புதுத்தண்ணீர் விழ ஆரம்பித்தால் மீன் எதிர்த்து ஏறும். சூடு குளிர் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. இங்கே ஏரி நிரம்பியேதான் இருக்கிறது. காலத்தைச் சொல்வது தண்ணீரின் சூடு. கருவி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பெரியவர் கரையைக் கைகாட்டினார். இன்னும் இலை விடாத காட்டுக்குள் ஒரு சிறுமரம் மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. டாக்வுட் என்று பெயர். அது பூத்தால் பாஸ் கரைக்கு வந்துவிட்டது என்று தாத்தா காலத்துப் பேச்சாம்.

காலை 10 மணிவரை முனைகளில் வீசினோம். நான் வீசினேன் என்பதைவிட, சிக்கு எடுத்தேன் என்பதே சரி. அந்தச் சுருளில் கட்டைவிரலால் பிரேக் பிடிக்க வேண்டும். நான் விட்ட வேகத்தில் தங்கூசி நரம்பு உருளைக்குள் பொங்கிப் பந்தாகிவிட்டது. பறவைக்கூடு என்று இதற்குப் பெயராம். முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு கூடு கட்டினேன். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நல்ல மனிதர்.

ஐந்தாவது முறை சரியாகப் போய் விழுந்தது. சுற்றும்போது கனத்தது. மீன்தான் என்று இழுத்தால், கை நிறையப் பாசி. எறியப் போனவன் நின்றேன். தண்டைச் சுற்றி ஒவ்வொரு கணுவிலும் நான்கைந்து சின்ன இலைகள், விரலை ஓட்டினால் ரம்பம் மாதிரி சொரசொரப்பு. ஹைட்ரில்லா! பள்ளிக்கூடத்தில் பீக்கருக்குள் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக்குழாயை நிறுத்தி, வெயிலில் வைத்து ஆக்சிஜன் குமிழி காட்டுவார்களே, அதே வேலம்பாசி. சோதனைக்கு முதல் நாள் எங்கள் தெருக் குளத்தில் இறங்கிப் பறித்து வந்தவன் நான். 1950களின் தொடக்கத்தில், மீன்தொட்டியில் அழகுக்கு வைக்க இலங்கையிலிருந்து புளோரிடாவுக்கு வரவழைத்த பாசி, தொட்டியிலிருந்து தப்பித்து ஓடைகளுக்குப் போய், தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவிவிட்டது. இங்கே அது களை. படகுச் சக்கரத்தில் சிக்கும், மதகை அடைக்கும். அதே சமயம் பாஸ் ஒளிந்து நிற்க அதைவிட நல்ல இடமும் இல்லை. அதனால் மீன்பிடிக்காரர்கள் அதைத் திட்டிக்கொண்டே தேடிப்போகிறார்கள். என் கையில் இருந்ததைப் பார்த்து, "எங்க ஊரு" என்றேன். பெரியவருக்கு மாப்பிள்ளை விளக்க வேண்டியிருந்தது.

மதியத்துக்குமேல் வடக்கே ஒரு சிறு குடாவுக்குள் போனோம். வடகாற்றைக் கரைக்காடு தடுக்கும், தெற்கு வெயில் நேராக விழும், அதனால் வடகரைக் குடாக்கள்தான் முதலில் சூடாகும் என்றார். திரையில் 64. பெட்ரோல் இஞ்சினை அணைத்துவிட்டு, முனையில் இருந்த சின்ன மின்மோட்டாரைக் காலால் அழுத்தி ஓட்டினார். பேச்சு தானாகக் குசுகுசுப்பாயிற்று. தண்ணீர்ப் பளபளப்பை அறுக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து, ஒரு மரக்கட்டைக்குப் பக்கத்தில் பார்க்கச் சொன்னார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, பழுப்புத் தரையில் முறம் அளவுக்கு வட்டமாக ஒரு வெளிறல். அதை எனக்குத் தெரியும்! கோடையில் எங்கள் குளம் வற்றும்போது ஜிலேபிக் கெண்டை பறித்த குழிகள் சேற்றில் வட்டம் வட்டமாகத் தெரியுமே, அதேதான். இங்கே ஆண் பாஸ் வாலால் அடித்து அடித்து மண்ணை ஒதுக்கி, கெட்டித் தரை தெரியும்வரை பெருக்கி வைத்திருக்கிறது. இடுப்பளவு ஆழம்தான். பெண் வந்து முட்டையிடும், போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் ஆண்தான். முட்டை பொரியும்வரை, பொரிந்த குஞ்சு தானாக நீந்தித் திரியும்வரை, அது அந்த இடத்தை விட்டு நகராது. இரை தேடுவதும் அபூர்வம். வாலை ஆட்டித் தண்ணீரை அசைத்துக்கொண்டே, திருட வரும் ப்ளூகில் மீன்களை விரட்டிக்கொண்டிருக்கும். கிளைமாதிரித் தெரிந்த ஒரு நிழல் அசைந்தபோதுதான் காவல்காரனைப் பார்த்தேன்.

பெரியவர் தூண்டிலில் ரப்பர்ப் பல்லி ஒன்றை மாட்டிக் கொடுத்தார். இந்த மீனுக்குப் பல்லியைக் கண்டால் ஆகாது, முட்டைத் திருடன் என்று நினைக்கும் என்பது அவர்கள் அனுபவம். குழிக்கு அந்தப் பக்கம் போட்டு, மெல்ல உள்ளே இழுத்தேன். மீன் திரும்பியது. மூக்கைக் கீழே நீட்டி, வாலை மேலே தூக்கி, பல்லியை முறைத்தது. செவுள் விரிந்தது. பல்லி காணாமல் போயிற்று. நான் சுண்டி இழுப்பதற்குள், ஒரு முழம் தள்ளிப் போய்த் துப்பிவிட்டது. துப்பிய கையோடு குழிக்குத் திரும்பி, அதே இடத்தில் நின்றது. வீட்டு வாசலில் கிடந்த குப்பையை எடுத்துப்போய்த் தெருவில் போட்டுவிட்டு வருகிற மாதிரி. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். கவ்வுகிறது, கொண்டுபோகிறது, துப்புகிறது. அதன் வாயில் பசி இல்லை.

எங்கள் பெரியப்பா விரால் பிடிப்பதில் சூரர். குளத்தில் ஒரு கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும். அதற்கு அடியில் விரால் காவல் நிற்கும். பெரியப்பா உயிர்த் தவளையைக் கோத்து, சரியாக அந்தச் சிவப்புக்கு நடுவே போடுவார். தப்பாது. சாயங்காலம் குழம்பு. நானும் சாப்பிட்டிருக்கிறேன், கேட்டு வாங்கி. ஒருமுறை மறுநாள் போய்ப் பார்த்தேன். சிவப்பு இல்லை.

மூன்றாவது முறை சுண்டினேன். படகோரம் வந்த மீனின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினார் பெரியவர். நானும் தொட்டுப் பார்த்தேன். உப்புத்தாள் மாதிரி பல். குழி பறித்து வாலின் கீழ்ப்பக்கம் தேய்ந்து, ரத்தம் கட்டியிருந்தது. 15 அங்குலம். இந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம்வரை உள்ளதைத் திருப்பி விட்டாக வேண்டும். சின்னதை எடுத்துக்கொள்ளலாம், நடுத்தரத்தைத் தொடக் கூடாது. அதுதான் வளர்ந்து பெரிதாகப் போகிறது என்பது கணக்கு.

"மாமா, சட்டப்படி இதை எடுத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

நான் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு ப்ளூகில்கள் அதற்குள் தலைகீழாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை.

"விடுங்க, விடுங்க" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பெரியவருக்குப் புரிந்தது. விட்டார். மீன் கட்டைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் திகைத்துக் கிடந்தது. பிறகு ஒரே பாய்ச்சல். மேய்ந்தவை சிதறின. குழிக்கு மேலே நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, வாலை ஆட்ட ஆரம்பித்தது. எத்தனை முட்டை மிஞ்சியதோ.

குளிர்ந்த வட மாநிலங்கள் சிலவற்றில் இந்த மாதங்களில் பாஸ் பிடித்தால் திருப்பி விட்டாக வேண்டும், எடுத்துப்போகத் தடை உண்டு. டெக்சாஸில் இல்லை. இங்கே ஒரே சமயத்தில் எல்லாம் முட்டையிடுவதில்லை, பல வாரம் அலை அலையாக நடக்கும், அதனால் ஏரிக்குச் சேதம் இல்லை என்பது வாதம். இருக்கலாம். ஆனால் போட்டிகளில் காலையில் பிடித்ததைப் படகுத் தொட்டியில் வைத்து, சாயங்காலம் மேடையில் எடைபோட்டு, பல மைல் தள்ளி விடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. "குழியில் நிற்பதைக் காட்டுவேன், புதிதாய் வருபவர்கள் கேட்பார்கள். என் மீன்பிடிப்பில் அது கிடையாது" என்று பெரியவரும் சொன்னார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

கரையேறியதும் படகை வண்டியில் ஏற்றி, அடியில் இருந்த அடைப்பானைத் திறந்து தண்ணீரை எல்லாம் வடித்தார். சக்கரம், அச்சு, மோட்டார் என்று ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த பாசியைக் கையாலேயே உருவினார். ஒரு துணுக்கு ஒட்டிப்போனாலும் அடுத்த ஏரியில் முளைத்துவிடும், சட்டம் உண்டு. கடைசியில் என் செருப்பைக் காட்டினார். வாரில் நாலு கணு ஹைட்ரில்லா, இன்னும் ஈரமாக, சிக்கிக் கிடந்தது. குனிந்து எடுத்தேன். குப்பைத்தொட்டி எங்கே என்று மாப்பிள்ளை கைகாட்டினார்.