பந்து தட்டும் பசங்களுக்கு ஒரு கதைப் புத்தகம்!

கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை நடந்தால் பாஸ்கெட்பால் ஆடும் பசங்களுக்குத் திருவிழாதான். ஆனால், அவர்களை கொடிசியா புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப்போய் "பாஸ்கெட்பால் கதை இருக்கா?" என்று கேட்டால், ஸ்டால்காரர் கொஞ்சம் யோசிப்பார். கிரிக்கெட் என்றால் உடனே எடுத்து நீட்டிவிடுவார்!

ஆங்கிலம் படிக்கிற பிள்ளைக்கு க்வாமே அலெக்ஸாண்டரின் 'தி கிராஸ்ஓவர்' இருக்கிறது. 2014-ல் வந்து, அடுத்த ஆண்டே நியூபெரி பதக்கம் வாங்கிய நாவல். பந்தைச் சட்டென்று கை மாற்றி எதிராளியை ஏமாற்றும் வித்தைதான் கிராஸ்ஓவர். நாவல் முழுக்கக் கவிதை வடிவம். பக்கத்துக்குச் சில வரிகள்தான். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பையனும் இதை ஒரே மூச்சில் முடிப்பான்.

ஜோஷ், ஜோர்டன் இருவரும் இரட்டையர்கள், ஆட்டத்தில் புலிகள். அப்பா முன்னாள் வீரர். பி.பி தொந்தரவு இருந்தும் டாக்டரிடம் போக மாட்டேன் என அடம்பிடிக்கிறார். (நம்மூர் அப்பாக்கள் ஞாபகத்துக்கு வருகிறார்களா?) அந்தப் பிடிவாதம் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைப் படிக்கையில் பெரியவர்களுக்கே தொண்டை அடைக்கும்.

காமிக்ஸ் பிடித்தவர்களுக்கு ஜீன் லுவன் யாங்கின் 'டிராகன் ஹூப்ஸ்' (2020). தான் வேலை பார்த்த பள்ளியின் டீமைப் பற்றி ஓர் ஆசிரியரே வரைந்தது. அதில் ஒரு சீக்கியப் பையனும் ஆடுகிறான்.

இரண்டுமே ஆங்கிலம். பொள்ளாச்சியில் ஆடும் தமிழ் மீடியம் பிள்ளைக்கு யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால்தான் உண்டு. விஜயா பதிப்பகம் இருக்கிற ஊர்தானே இது!