26 யூனிட் கரம்பை

மே 4
பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிவிட்டார்கள். சின்னமனூர்ப் பக்கத்து விவசாயியான அவர், கணவரின் டைரியைத் திறந்தார். கடைசி வரி: "கண்மாய் வத்திருச்சு. கரம்பை அடிக்கணும்." அதன் கீழேயே தன் கையெழுத்தில் தேதி போட்டார்.

மே 9
இ-சேவை மையம். கரம்பைக்குக் காகிதத்தில் வண்டல் மண் என்று பெயர். மாவட்ட அரசிதழில் வெளியான கண்மாய்களில் விவசாயிகள் அதைக் காசில்லாமல் எடுக்கலாம்: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. முன்பு மனு மாவட்ட அலுவலகம் வரை போகும். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தரலாம். அவருக்கு நஞ்சை ஒரு ஏக்கர். 75 கனமீட்டர் என்றால் 26 யூனிட் சொச்சம். டைரியின் அட்டையில் பென்சிலால் வகுத்துப் பார்த்திருக்கிறார்.

கணினியில் இருந்த பையன் சிட்டாவைப் பார்த்தான். "பட்டா ஐயா பேர்லயே இருக்கும்மா. வாரிசுச் சான்று வாங்கி, பேர் மாத்திட்டு வாங்க."

இருபது வருடம் அந்த வயலில் நாற்று நட்டவரின் பெயர் ஒரு தாளிலும் இல்லை. இது அநியாயம்.

மே 10
வெயில்.

மே 18
கோபத்தோடுதான் கண்மாய்க்குப் போனார். யாரோ ஒருவருடைய அனுமதியில் ஜேசிபி அள்ளிக்கொண்டிருந்தது. கரையை ஒட்டி ஆள் மட்டத்துக்குக் குழி. கரம்பை தீர்ந்து செம்மண் தெரிந்தது. நடைச்சீட்டு கேட்க ஆளில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து, போன டிராக்டர்களுக்கு ஒவ்வொரு கோடாக டைரியில் போட்டார். இருட்டும்போது 41 கோடு. எதற்கு எண்ணினார் என்று எழுதவில்லை.

மே 27
பேரன் முல்லைப் பெரியாறு பாடம் வாசித்தான். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், 999 வருடக் குத்தகை. 1970-இல் வாடகை 30 ரூபாயானது, மீன்பிடி உரிமை கேரளாவுக்குப் போனது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் அந்தத் தாளை நம்பித்தான் விளைகிறது.

"அந்தக் காயிதம் பத்திரமா இருக்காடா?" என்று கேட்டாராம்.

ஜூன் 2
பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜூன் 6
சாயங்காலம் கண்மாய்க்குள் டயர் தடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. குழியைக் குச்சி விட்டு அளந்தார், ஐந்தரை அடி. 41 கோட்டுக்குப் பக்கத்தில் அதையும் எழுதி, பெயர் மாற்ற மனுவின் நம்பரையும் எழுதினார்.