ஏரிக்கரையில் இரண்டு லென்ஸ்

உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஏறும்போது காலை ஆறே கால். தை மாதப் பனி விலகவில்லை. முதுகுப்பையில், சென்னையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்த இரண்டு லென்ஸ்கள்: சோனி 100-400, சோனி 200-600. எதை வாங்குவது என்று ஆறு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். கடையில் கையில் வாங்கிப் பார்த்தால் இரண்டுமே அருமைதான். ஏரியிடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

இது பல்லவர் காலத்து ஏரி. வயிரமேக தடாகம் என்பது பழைய பெயர். ஊருக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தக் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியத்தின் தண்ணீரைப் பார்க்க யாரும் கரைக்கு வருவதில்லை. பறவைகள் வருகின்றன. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பக்கம். கூடு அங்கே என்றாலும், இரைக்கு அவை இப்படிப்பட்ட ஏரிகளையும் வயல்களையும்தான் நம்பியிருக்கின்றன.

முதலில் 100-400. எடை 1,395 கிராம். கழுத்தில் கிடப்பதே தெரியவில்லை. கரைக்குக் கீழே நவரை நடவுக்காக டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே உண்ணிக்கொக்குகள், சற்றுத் தள்ளி நான்கு நத்தைகுத்தி நாரைகள். ஐம்பது மீட்டர் இருக்கும். முழு ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ. வைத்தால், அந்தத் தூரத்தில் நாலரை மீட்டர் அகலக் காட்சி விழும். அதற்குள் நாரை சின்னதாக நின்றது. நெருங்கினால் சரியாகிவிடும் என்று வரப்பில் இறங்கினேன். பதினைந்தாவது அடியில் நான்கும் எழும்பிவிட்டன.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்றார். "ஏன் தம்பி எறங்குனீங்க? டிராக்டருக்குப் பயப்படாது. ஆளு நடந்து வந்தாத்தான் பறக்கும். அப்படியே கரையில குந்துங்க, வரும்."

கரையிலேயே உட்கார்ந்து 200-600-ஐ மாட்டினேன். 2,115 கிராம். 720 கிராம் கூடுதல் என்பது கேட்க ஒன்றுமில்லை. அரை மணி நேரம் தூக்கிப் பிடித்தால் தோள் சொல்லிவிடும். முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். ஜூம் செய்யும்போது இந்த லென்ஸ் நீளாது. பாரம் முன்னால் சாயாததால் ஊன்றிய கை ஊன்றியபடியே இருந்தது. நாற்பது நிமிடத்தில் நாரைகள் திரும்பின. அதே ஐம்பது மீட்டர், இப்போது காட்சியின் அகலம் மூன்று மீட்டர். ஒரு நாரை சேற்றுக்குள் அலகை விட்டு நத்தையை எடுத்தது. அலகின் நுனி மூடியிருக்க, நடுவில் இடைவெளி. அந்தப் பக்கத்து வரப்பின் பச்சை அதன் வழியே தெரிந்தது. நத்தையைத் தண்ணீருக்குள் அழுத்தி, சதையை உருவி, தலையை நிமிர்த்தி விழுங்கியது. ஓடு கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான் இருப்பதை அது சட்டை செய்யவில்லை.

முழு ஜூமில் 100-400-இன் எஃப் 5.6-க்கும் 200-600-இன் எஃப் 6.3-க்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப்தான். அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கானல்தான் பெரிய விஷயம். ஒன்பதரைக்கு மேல் ஏரிக்கு நடுவே நீந்திய நீர்க்காகங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்திலும் இறகு தெளிவாக இல்லை. 150 மீட்டருக்குச் சூடான காற்று நடுவில் நிற்கும்போது எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பரிகாரம் விடியலில் வருவதுதான்.

சிறியது ஜெயித்த இடமும் உண்டு. காலடியில் சம்புத் தாளில் ஒரு செந்தட்டான். 100-400 ஒரு மீட்டருக்கும் உள்ளே வந்து ஃபோகஸ் செய்யும். சிறகின் நரம்பு வரை எண்ணலாம். பெரியதற்கு 2.4 மீட்டர் வேண்டும். பைக்கில் ஊர் ஊராகப் போய்ப் பூச்சி, பறவை, வயல் எல்லாம் எடுப்பவருக்கு நான் சிறியதையே சொல்வேன்.

நான் 200-600-ஐ வாங்குகிறேன். என் படங்கள் ஏரிக்கரையில், பறவைகளோடு. அந்த நாரை தன் இரையை நிம்மதியாகத் தின்று முடித்தது, நான் கரையை விட்டு இறங்காததால்தான். நீங்களும் வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் ஏரிக்குக் கொண்டுபோங்கள். இருந்த இடத்திலேயே உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். தயவுசெய்து, கூட்டின் பக்கம் மட்டும் ஓர் அடிகூட வைக்காதீர்கள்.