உட்துறைமுக வீதியிலிருந்து மிட்டாகா வரை

திருகோணமலை உட்துறைமுக வீதியில் பின்னேரம் நடந்து போனால் வெயில் தண்ணீரில் சரிந்து கிடக்கும். எதிர்க்கரையில் மாவாலை. சீனன்குடாவில், யப்பானிய நிறுவனமொன்றின் கூட்டுடன் 1980களில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை. மலைகள் சூழ்ந்த இந்தத் துறைமுகத்துக்குள் அலைகூட அடங்கித்தான் நுழையும். இந்தப் பாதுகாப்புக்காகவே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் இதற்கு அடிபட்டார்கள்.

சில வாரங்களுக்கு முன் கச்சேரி அலுவல் முடிந்து, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், ஒரு தாயோடும் மகளோடும் அந்த வீதியில் நடந்தேன். கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் சம்பூரைச் சேர்ந்தவர்கள். 2006 இல் ஊரைவிட்டு ஓடியபோது மகள் தாயின் வயிற்றில் இருந்தாள். கிளிவெட்டி முகாமில் தவழ்ந்து, அங்கேயே எழுத்துப் படித்தவள். 2015, 2016 இல் காணிகள் விடுபட்ட பின்புதான் சொந்த மண்ணைக் கண்டாள். தகப்பன் இல்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள்.

தாய் மெதுவாகத் தொடங்கினார். "மிஸ், இவள் யப்பானுக்குப் போய்ப் படிக்கவேணும் எண்டு நிக்கிறாள். அதுவும் இங்கிலீசிலயாம். எங்கட அம்மம்மா யப்பான்காரன் குண்டு போட்ட கதைதான் சொல்லுவா. அங்க எப்பிடிப் பிள்ளையை விடுறது?"

அம்மம்மா சொன்னது உண்மைதான். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் ஒரு விமானம் மோதி, அது நாட்கணக்கில் எரிந்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள். அதே நாளில் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள்.

அன்று திருகோணமலையில் குண்டு போட்ட விமானங்கள் நகாஜிமா என்ற கம்பனி வடிவமைத்தவை. யுத்தகாலத்தில் அந்தக் கம்பனிக்கு டோக்கியோவுக்கு மேற்கே மிட்டாகா என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருந்தது. 1945 இல் யப்பான் தோற்றது. நகரங்கள் சாம்பலாகிக் கிடந்தன. பிறகு அந்த நிலத்தை, பசியிலிருந்த யப்பானிய மக்கள் சேர்த்த பணத்தைக் கொண்டு வாங்கினார்கள். முன்பு எதிரிகளாயிருந்த வட அமெரிக்க மக்களும் உதவினார்கள். 1953 இல் அங்கே சர்வதேச கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. விமான ஆராய்ச்சிக் கட்டிடமே விரிவுரைக் கட்டிடமாயிற்று. அங்கு சேரும் ஒவ்வொரு மாணவரும் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் கோட்பாடுகளை மதிப்பேன் என்று கையொப்பமிடுவது தொடக்கம் முதல் உள்ள வழக்கம்.

அங்கு படிப்பிப்பது 'லிபரல் ஆர்ட்ஸ்'. நமது நாட்டில் பதினாறு, பதினேழு வயதிலேயே பிள்ளையைக் கலை, வர்த்தகம், விஞ்ஞானம் என்று பிரித்துவிடுகிறோம். அங்கே முதல் இரண்டு வருடம் வரலாறு, உயிரியல், சமூகவியல், இசை எனப் பலதையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிரதான பாடத்தைத் தெரிவு செய்கிறார்கள். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இதன் பெறுமதி எனக்குத் தெரியும். ஒரு கிராமத்தின் துயரத்தை விளங்கிக்கொள்ள ஒரு பாடம் போதாது. பாடங்கள் ஆங்கிலத்திலும் யப்பான் மொழியிலும் நடக்கின்றன. ஆங்கிலத்தில் அனுமதி பெற்று செப்ரெம்பரில் சேருபவர் யப்பான் மொழியை அங்கே போய்ப் படிக்கலாம். 2004 இல் தொடங்கிய அக்கித்தா சர்வதேசப் பல்கலைக்கழகத்திலும் பாடங்கள் ஆங்கிலத்தில்தான்.

"காசு?" என்றார் தாய். அதுதான் பெரிய கேள்வி. ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, பரீட்சைப் பெறுபேறு, ஆசிரியரின் பரிந்துரை, தன்னைப் பற்றிய கட்டுரை என்பவற்றோடு விண்ணப்பிக்கும்போதே கட்டண விலக்குக்கும் கேட்கலாம். யப்பான் அரசின் புலமைப்பரிசில் வேறு. அதற்குக் கொழும்பிலுள்ள யப்பான் தூதரகம் விண்ணப்பம் கோரும். பரீட்சையும் உண்டு. கிடைத்தால் கட்டணம் இல்லை, விமானச் சீட்டு, மாத உதவிப்பணம் எல்லாம் உண்டு. ஆனால் அதில் முதல் வருடம் யப்பான் மொழி படித்து, பெரும்பாலும் அந்த மொழியிலேயே பட்டப்படிப்பைத் தொடரவேண்டும். இரண்டிலும் போட்டி கடுமை என்பதை மறைக்காமல் சொன்னேன்.

இன்னொன்றையும் சொன்னேன். "மாணவர் விசா எடுத்துத் தாறம், வேலை செய்துகொண்டு படிக்கலாம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களுக்குத் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். அங்கே மாணவர் அனுமதி பெற்று, படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணித்தியாலம் வரையே வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் கடனும் கட்டி, படிப்பையும் கொண்டுபோவது மிகக் கடினம்.

ஒரு கதவை மட்டும் தட்டவேண்டியதில்லை. பங்களாதேசின் சிற்றகொங்கில் 2008 இல் தொடங்கிய ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகமும் இதே கல்வியை ஆங்கிலத்தில் தருகிறது. இலங்கைப் பெண்பிள்ளைகள் புலமைப்பரிசில் பெற்று அங்கே படித்திருக்கிறார்கள். நிலாவெளி வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அதற்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். எங்கே போனாலும் ஆங்கிலம் வேண்டும். அதை இன்றைக்கே வீட்டிலிருந்து தொடங்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசித்தாலும் போதும்.

தாய் கனநேரம் பேசவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிளேன் செய்த இடத்திலயா மிஸ் படிப்பிக்கினம்?"

"ஓம்."

"எங்கட வளவிலயும் காம்ப்தான் இருந்தது. இப்ப கச்சான் போட்டிருக்கிறன்."

மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முதல்ல இங்கிலீஸ் வகுப்புக்குப் போகட்டும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார் தாய். அது முழுச் சம்மதம் இல்லைத்தான். என்றாலும் காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டபோது அவரிடம் இருந்த பதில் அதுவல்ல.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கலாம். "ஏலாது" என்று சொல்ல முன், ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.