ஹார்பர் யாருது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல பெட்டி ஏத்தி ஹார்பருக்குக் கொண்டு போறதுதான் எங்க மாமாவோட பொழப்பு. சொந்த டிரெய்லர், டியூ இன்னும் பாக்கி இருக்கு. போன ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது திடீர்னு கேட்டார்.

"ஏன் மாப்ள, காட்டுப்பள்ளி அதானியோடதுன்னு தெரியும். மெட்ராஸ் ஹார்பர்ல நான் பெட்டி இறக்குற டெர்மினல் துபாய்க்காரனோடதாமே? அவனுக்கு யாருடா குடுத்தது?"

நேரடியா யாரும் குடுக்கலைங்கிறதுதான் கதையே. 2001-ல 30 வருஷ ஒப்பந்தத்துல அதை எடுத்தது பி அண்ட் ஓ-ன்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. 2006-ல துபாயோட டிபி வேர்ல்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு. லண்டன்ல பங்கு கை மாற, இங்க ராயபுரத்துப் பக்கம் டெர்மினலும் கூடவே போச்சு. (நான் அப்ப மூணாங்கிளாஸ்!) இதே பேரத்துல அமெரிக்க டெர்மினல்களும் இருந்தது. அங்க பாதுகாப்புன்னு எம்பிக்கள் போட்ட கூச்சல்ல, அதையெல்லாம் ஏஐஜிக்கு வித்துட்டு டிபி வேர்ல்ட் வெளியேற வேண்டியதாச்சு.

நம்ம அரசாங்கம் தூங்கிச்சுன்னும் சொல்ல முடியாது. அதே 2006-ல கேரளாவுல விழிஞ்ஞம் துறைமுக டெண்டர்ல சீனக் கம்பெனிகள் கூட்டு இருந்ததால பாதுகாப்பு அனுமதி மறுத்தாங்க. 2020 ஏப்ரல்ல, நம்மோட நில எல்லை உள்ள நாடுகள்லேருந்து முதலீடு வந்தா முன் அனுமதி கட்டாயம்னு விதி போட்டாங்க. பின்னாடி பங்கு கை மாறி அந்த நாட்டுக்காரங்களுக்குப் போனாலும் அனுமதி வாங்கணும். லண்டன்ல நடந்த மாதிரி கதைக்கு ஓரளவு பூட்டு, ஆனா அண்டை நாடுகளுக்கு மட்டும்.

சாஃப்ட்வேர்காரனா எனக்கு உறுத்துறது வேற. 2017 ஜூன்ல நாட்பெட்யா வைரஸ் வந்தப்ப மும்பை ஜேஎன்பிடி-ல ஒரு டெர்மினல் முடங்கிச்சு. நடத்துறது டென்மார்க்கோட மெர்ஸ்க் குழுமம். டென்மார்க் என்ன, நமக்கு எதிரியா? உக்ரைன்ல ஒரு வரிக்கணக்கு சாஃப்ட்வேரோட அப்டேட் வழியா கிளம்பின வைரஸ், மெர்ஸ்க் நெட்வொர்க்ல புகுந்து இங்க வரைக்கும் வந்துடுச்சு. எந்தப் பெட்டி யாருதுன்னே கண்டுபிடிக்க முடியாத நிலைமை. அனுமதி குடுக்குறப்ப ஓனர் எந்த ஊர்க்காரன்னு துருவுறோம், சரி. சர்வர் எங்க இருக்கு, அட்மின் பாஸ்வேர்டு யார்கிட்ட, லைன் அறுந்தா இங்க தனியா ஓடுமான்னும் அதே அளவுக்குத் துருவணும்ல?

இதையெல்லாம் மாமாகிட்ட மூச்சு விடாம சொன்னேன். ரசத்தைப் பிசைஞ்சுகிட்டே கேட்டுட்டு இருந்தவர் சொன்னார்:

"அதெல்லாம் சரி மாப்ள. சிஸ்டம் படுத்துட்டா கேட்டுக்கு வெளிய ரெண்டு நாள் நிக்கிறவன் நான். அந்த வெயிட்டிங்குக்குக் காசு துபாய் தருமா, டெல்லி தருமா?"

நான் அப்பளத்தை நொறுக்கிட்டு இருந்தேன்.