மரத்த கால்

இடுப்பில் பிறந்து கால்விரல்வரை ஓடும் நரம்பு வலிக்குத் தமிழில்தான் எத்தனை சொற்கள்! குடைச்சல், கடுப்பு, எரிச்சல், சுண்டி இழுத்தல். இவற்றுள் ஒன்றையேனும் கொல்கத்தா மருத்துவரிடம் விளக்க நாம் பட்ட பாடு வலியினும் பெரிது. அவரே உதவினார்: "ஜின்ஜின் கொரே?" எறும்பூர்வது போன்ற குறுகுறுப்பைக் குறிக்கும் வங்கச் சொல் அது. உணர்ச்சியின்மையை அவர்கள் 'ஒபோஷ்' என்பர். நாமோ, உயிருள்ள கால் மரமானதாகவே பேசுகிறோம்.

முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை நெருக்குவதால் இவ்வலி தோன்றக்கூடும் என்று மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1934இல் எழுதினர். அறுவையால் நெருக்கம் நீங்க, கால் வலி பெரும்பாலும் விரைவில் தணிகிறது. மரப்பு அத்தகையதன்று. நைந்து அழிந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். 1 மீட்டர் கடக்க மூன்றாண்டு ஆகாதா? "கத்தி வைத்தும் குணமில்லையா?" என்று லேக் மார்க்கெட்டில் கேட்டோர்க்கெல்லாம் இக்கணக்கையே சொன்னோம். சிலர்க்கு மரப்பு முழுதும் நீங்காமலும் போகும். சிறுநீர் அடைத்து, இருக்கைப் பகுதியும் மரத்தாலோ அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

1949இல் ஜேக்கப் சாண்டி நரம்பறுவைத் துறையைத் தொடங்கிய வேலூர் மருத்துவமனைக்கு வங்கக் குடும்பங்கள் இன்றும் ஹௌராவில் ரயிலேறுகின்றன. எதிர்வீட்டுப் பெரியவர் புறப்பட்டபோது வலி, எரிச்சல், மரப்பு என்னும் சொற்களை வங்க எழுத்தில் எழுதித் தந்தோம். 'குறுகுறுப்பு' என்றதும் சிரித்துவிட்டார். "ஜின்ஜினே இருக்கட்டும், அங்கே கடைக்காரர்கூட வங்கம் பேசுகிறாராம்" என்றார்.