ரந்தாவ் அபாங்கில் தொலைந்த பொட்டலம்

திரெங்கானு மாநிலத்தில், டுங்குன் பட்டணத்துக்கு வடக்கே கடலோரமாக நீண்டு கிடக்கிறது ரந்தாவ் அபாங் கடற்கரை. கடந்த பள்ளி விடுமுறையில் அம்மாவையும் என் ஏழு வயது மகளையும் அங்கே அழைத்துப் போனேன்.

அம்மாவின் நெடுநாள் ஆசை அது. 1980களில் எஸ்டேட் ஆட்களோடு பஸ் ஏறி வந்து, நள்ளிரவில் இதே மணலில் ஆமை முட்டையிடுவதைப் பார்த்தவர் அவர். “நம்ம சாப்பாட்டு மேசை அளவு இருக்கும். கண்ணுல தண்ணி வழியும்” என்றார்.

“அழுதுச்சா பாட்டி?”

அழுகை இல்லை, உடம்பில் சேரும் உப்பை ஆமை அப்படித்தான் வெளியேற்றும் என்று நான் விளக்கினேன்.

முதுகில் நட்சத்திரப் பழம்போல வரிகள் இருப்பதால் மலாயில் அதற்குப் ‘பென்யூ பெலிம்பிங்’ என்று பெயர். 1950களில் திரெங்கானு கரையில் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் இருந்தன. 2000க்குப் பிறகு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயின. முட்டைகளை அள்ளி விற்றதும், மீன்பிடி வலைகளும்தான் முக்கியக் காரணங்கள். மிஞ்சியவற்றுக்கு இப்போது பிளாஸ்டிக்கும் எமன்.

அது எப்படி என்பதை மகள்தான் காட்டினாள். சாலையோரக் கடையில் கெரோப்போக் லெக்கோரும், பொட்டலத்தில் ஐஸ் தேநீரும் வாங்கியிருந்தோம். குடித்து முடித்த பொட்டலத்தைக் காற்று பறித்து அலையில் போட்டது. முழங்கால் தண்ணீர் வரை ஓடினேன். கைக்கு எட்டவில்லை.

“அம்மா, ஜெல்லி மீன் மாதிரியே இருக்கு!”

ஆமைக்கும் அப்படித்தான் தெரியும். இந்த ஆமையின் முக்கிய உணவே ஜெல்லி மீன். வழுக்கும் இரை நழுவாமலிருக்க, அதன் தொண்டை முழுக்க உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. அதனால் விழுங்கிய பையை வெளியே துப்புவது கடினம். வயிறு அடைத்துப் பட்டினியால் சாகலாம். 2018இல், நம் எல்லைக்கு அருகே தென் தாய்லாந்தில் இறந்த ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் 80க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பைகள் இருந்தன. எடை 8 கிலோ!

முட்டை வியாபாரத்துக்குத் திரெங்கானு அரசு 2022இல் முழுத் தடை விதித்துவிட்டது. பொட்டலத்துக்கு யார் தடை போடுவது? சுற்றுச்சூழல் பற்றி வானொலியில் வாய் கிழியப் பேசும் நானே, காலை நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் தினமும் ஒரு தே தாரே பொட்டலம் வாங்குவேன். வேலை நாள்களை மட்டும் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 250 தாண்டும்.

அன்றிரவு வெகுநேரம் அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணாவது வந்திருந்தா பேத்திக்குக் காட்டியிருப்பேன்” என்றார். எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, தேநீர்க் கடை அண்ணனிடம் ஃபிளாஸ்க்கை நீட்டினேன். “என்னக்கா, புதுசா இருக்கு?” என்றார். ரந்தாவ் அபாங் கதையைச் சொன்னேன்.

இன்று நீங்கள் ‘பொட்டலம் கட்டுங்க’ என்று சொல்வதற்கு முன், வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் எடுத்து வந்தீர்களா?